தாலின் பழைய ஊர் கதவுகள்: எல்லாரும் கேக்கற கேள்விகள், எனக்குத் தெரிஞ்ச பதில்கள்

எஸ்டோனியாவோட தலைநகர் தாலின்ல ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஞாயித்துக்கிழமை ஆனா கேமராவை மாட்டிக்கிட்டு கோட்டைச் சுவருக்குள்ள இருக்கற பழைய ஊருக்குப் போயிடுவேன், மத்தியானம் வரைக்கும் ஒவ்வொரு கதவா நின்னு பார்த்துட்டு நடக்கறதுதான் வேலை. அந்தப் படங்களைப் பார்த்த சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், அவங்க ஃப்ரெண்ட்ஸ்னு நிறைய பேர் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கேள்வி கேக்கறாங்க, தனித்தனியா பதில் சொன்னா பாதி விட்டுப் போயிடுது, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன்.

கதவுல அப்படி என்ன இருக்கு? சர்ச், கோட்டை எல்லாம் விட்டுட்டு ஏன் இது?

சர்ச்சும் கோட்டையும் பாருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா கதவுங்கறது அந்த ஊர்ல ஒரு தனி மனுஷன் தனக்குன்னு செஞ்சு வச்சது. தாலின் ஒரு வியாபாரிகள் ஊர். 13ஆம் நூற்றாண்டுலயே ஹன்சா வணிகக் கூட்டமைப்புல சேர்ந்துடுச்சு, மேற்குல இருந்து உப்பும் துணியும் கப்பல்ல வரும், கிழக்குல ரஷ்யா பக்கத்துல இருந்து மெழுகு, மிருகத் தோல் எல்லாம் வரும், எல்லாம் இந்த ஊர் வழியாத்தான் கை மாறும்.

வியாபாரி வீடு எப்படி இருக்கும்னா, தெருவைப் பார்த்த முகப்பு ரொம்ப ஒடுக்கம், உள்ள நீளமாப் போகும். கீழ்த்தளத்துல வாசலைத் தாண்டின உடனே உயரமான ஒரு பெரிய கூடம், அங்கதான் பேரம், கணக்கு, ஆள் வரவு போக்கு எல்லாம். குடும்பம் பின்னாடி கணப்பு இருக்கற ரூம்ல. மேல் மாடி முழுக்க குடோன். நிமிர்ந்து பார்த்தீங்கன்னா சில வீட்டுல கூரை முக்கோணத்துக்குக் கீழ ஒரு உத்தரம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல கயிறு கட்டித்தான் மூட்டையை மேல இழுத்தாங்க. இப்படிப்பட்ட வீட்டுல தன் செல்வாக்கைக் காட்டணும்னா இருக்கற இடமே வாசல்தான். அதனாலதான் அவ்வளவு உயரம், அவ்வளவு செதுக்கல். வீட்டு வாசல்ல ரெண்டு பக்கமும் கல் பலகை நட்டு நடுவுல உட்கார இடம் போடறதும் அங்க வழக்கம், நம்ம திண்ணை மாதிரியே வச்சுக்கோங்க, சாயங்காலம் உட்கார்ந்து பேசறதுக்கு.

கதவுக்கு மேல சின்னக் கண்ணாடி ஜன்னல் வச்சிருக்கறதை நிறைய இடத்துல பார்ப்பீங்க. அழகுக்கு மட்டும் இல்ல, உள்ள இருக்கற அந்தக் கூடத்துக்கு வெளிச்சம் வேணும். இதைத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் நான் அந்த ஜன்னலை வெட்டிட்டு ஒரு படம் கூட எடுத்ததில்ல.

ஒரு கதவு முன்னாடி நின்னா முதல்ல எதைப் பார்க்கணும்?

எல்லாருக்கும் நான் சொல்ற ஒரே விஷயம் இதுதான்: ஒரே வாசல்ல மூணு வயசு இருக்கு, அந்த மூணையும் தேடுங்க.

முதல்ல கல் நிலை. உள்ளூர் சுண்ணாம்புக் கல்லுதான், சாம்பல் நிறம், உச்சியில கூரா முடியற வளைவு, அடுக்கடுக்கா உள்ள போற மாதிரி செதுக்கியிருக்கும். அது பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு ஆளுங்க வச்சது. அதுக்குள்ள மாட்டியிருக்கற மரக்கதவு அதைவிட ரொம்ப சின்னப் பையன், 17, 18, 19ஆம் நூற்றாண்டுன்னு எதுவா வேணா இருக்கலாம், ஏன்னா மரம் இத்துப் போகும், தீ பிடிக்கும், ஃபேஷனும் மாறும். மூணாவது பெயிண்ட், அது போன பத்து இருபது வருஷத்துல அடிச்சதா இருக்கும்.

சில வாசல்ல கூர் வளைவுக்குக் கீழ சதுரமான கதவு மாட்டியிருப்பாங்க, நடுவுல வர்ற இடைவெளியைப் பலகையோ கண்ணாடியோ வச்சு அடைச்சிருப்பாங்க. அந்த இடத்துலதான் ரெண்டு காலம் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு நிக்குது. நான் ஜூம் பண்றது முதல்ல அங்கதான்.

எங்க ஆரம்பிக்கறது?

பிக் தெரு. எஸ்டோனியன்ல பிக்னா நீளம்னு அர்த்தம், பேருக்கு ஏத்த மாதிரி டவுன் ஹால் சதுக்கத்துக்குப் பக்கத்துல இருந்து வடக்கால துறைமுகத்தைப் பார்த்த வாசல் வரைக்கும் போகுது. நீளம்னு பேர் இருந்தாலும் ஒரு கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா நான் ஒரு தடவை கூட ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சதில்ல. அப்புறம் அதுக்கு இணையாப் போற லாய் தெருவுல திரும்பி வாங்க, லாய்னா அகலம். நேரம் இருந்தா வெனே தெரு, அதுல இருந்து சுவரை ஒட்டிப் போற முய்ரிவாஹே. இவ்வளவு போதும் முதல் நாளைக்கு.

அந்தப் பச்சை, சிவப்பு, தங்கக் கலர் கதவு எங்க இருக்கு? போஸ்ட்கார்டுல எல்லாம் வருதே?

பிக் 26. மஸ்ட்பேயடே மாயா, அதாவது கருந்தலையர் சங்கத்தோட வீடு. கல்யாணம் ஆகாத இளம் வியாபாரிகளும் வெளிநாட்டு வியாபாரிகளும் சேர்ந்த சங்கம் அது, அவங்களுக்குக் காவல் புனிதர் மொரீஷியஸ், ஆப்பிரிக்க முகம், அந்த முகம்தான் சங்கத்தோட சின்னம், வாசலுக்கு மேலேயே பார்க்கலாம். 1597ல அரெண்ட் பாஸர்னு ஒரு சிற்பி முகப்பைப் புதுசா மாத்தினார், கதவு அதுக்கப்புறம் 1640கள்ல வந்தது. சங்கம் 1940ல சோவியத் ஆட்சி வர்ற வரைக்கும் அந்தக் கட்டடத்துலயே இருந்துச்சு.

இந்தக் கதவை நாலடி தூரத்துல இருந்து எடுத்துட்டுப் போயிடாதீங்க. கிட்டப் போங்க. அடர் பச்சைத் தரை, அது மேல சிவப்பும் தங்கமும் போட்ட செதுக்கல். சாயங்கால வெயில் பக்கவாட்டுல பட்டா ஒவ்வொரு செதுக்கலுக்கும் கீழ ஒரு நகக்கண் அளவு நிழல் விழும், அந்த நிழல் வந்ததும்தான் அது பெயிண்ட் அடிச்ச கதவு இல்ல, உளி பட்ட கதவுன்னு கண்ணுக்குத் தெரியும். நான் அதே கதவை முப்பது நாப்பது தடவை எடுத்திருப்பேன், எனக்குப் பிடிச்ச படம் ஒரு உள்ளங்கை அளவு இடம் மட்டும் இருக்கற படம்.

அது தவிர கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரே ஒரு கதவு?

பிக் 17, கிரேட் கில்ட் ஹால், அதாவது பெரிய வியாபாரிகள் சங்கத்தோட மண்டபம், இப்போ எஸ்டோனிய வரலாற்று மியூசியம். கலர் பார்த்தா ஏமாந்து போவீங்க, அதனாலதான் நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. அதுல இருக்கற கதவு தட்டற வளையத்தைப் பாருங்க. வெண்கலத்துல சிங்க முகம், வாயில வளையம், சுத்தி வட்டமா எழுத்து. 1430ஆம் வருஷத்தோடது. ஆறு நூறு வருஷம் ஆகப் போகுது, வெளிய மழையிலயும் பனியிலயும் இருக்கு.

இந்த ரெண்டு கதவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. கருந்தலையர் சங்கத்துல இருக்கற பையன் கல்யாணம் பண்ணி ஊர்ல நிலைச்சுட்டா இந்தப் பெரிய கில்டுல சேரலாம். அதாவது வாலிபத்துல அந்தக் கலர் கதவு, கல்யாணத்துக்கு அப்புறம் கொஞ்ச தூரம் தள்ளி எதிர்ப்பக்கம் இருக்கற இந்த சிங்கக் கதவு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு என் வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கேன்.

கலர் எல்லாம் அந்தக் காலத்துலயே இப்படித்தானா, இல்ல டூரிஸ்டுக்காக அடிச்சதா?

டூரிஸ்டுக்காக இஷ்டத்துக்கு அடிக்கறது இல்ல, இதை நான் அழுத்திச் சொல்லுவேன். 1966லயே பழைய ஊரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிச்சுட்டாங்க, 1997ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துடுச்சு. கதவை மாத்தணும், பெயிண்ட் அடிக்கணும்னா கூட அனுமதி வாங்கித்தான் செய்யணும். பழைய கட்டடத்துல வேலை பாக்கறவங்க முதல்ல ஒரு சின்ன இடத்துல பெயிண்ட்டை ஒவ்வொரு அடுக்கா சுரண்டிப் பார்ப்பாங்க, கீழ என்ன என்ன நிறம் இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க. அந்தக் காலத்துல மரத்துக்கு ஆளி விதை எண்ணெய்ல நிறமி கலந்து அடிப்பாங்க. காவி, மஞ்சள் மண் நிறம், பச்சை, இதெல்லாம் அதுல வர்ற நிறங்கள்தான்.

லாய் தெருவுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு பேர் இல்லாத கதவு, கைப்பிடிக்குப் பக்கத்துல அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் உரிஞ்சிருந்துச்சு. மேல சாம்பல் நீலம், அதுக்குக் கீழ பழுப்பு, அதுக்குக் கீழ ஒரு மங்கலான மஞ்சள், அதுக்கும் கீழ கொஞ்சமா பச்சை, நடுவுல மரம். மரம் வளையம் மாதிரி ஒவ்வொரு நிறமும் ஒரு மெல்லிசான கோடு. அடுத்த கோடையில போனப்போ முழுசா புதுசா நீலம் அடிச்சுட்டாங்க, கதவு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தப் படம் இப்போ என்கிட்ட மட்டும்தான் இருக்கு. அதனால உரிஞ்ச கதவைப் பார்த்தா நாளைக்கு எடுத்துக்கலாம்னு போயிடாதீங்க.

மேல இருக்கற டூம்பேயா குன்றுல கதவு எப்படி?

வேற மாதிரி. கீழ் ஊர் வியாபாரிகளோடது, மேல் ஊர் பிரபுக்களோடது, ரெண்டுக்கும் சட்டமே வேற வேற, 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் தனித்தனி ஊராவே இருந்துச்சு. 1684ல பெரிய தீ விபத்துல டூம்பேயா பெரும்பாலும் எரிஞ்சு போச்சு, அதனால அங்க பார்க்கறது அதுக்கப்புறம் கட்டின மாளிகைகள், கதவும் ரெட்டைக் கதவா, ரெண்டு பக்கமும் சமமா, அமைதியா இருக்கும். எனக்குக் கீழ் ஊர்தான் பிடிக்கும். மேல போறதுக்கு முக்கியக் காரணமே வழிதான்: லூஹிகே யால்க், குட்டைக் கால்னு அர்த்தம், படிக்கட்டு மாதிரி ஏறிப் போற சந்து. உச்சியில ஒரு வாசல் கோபுரம், அதுல பழைய கனமான ஓக் கதவு இன்னும் தொங்குது, தடித் தடி ஆணி. ராத்திரி ஆனா ரெண்டு ஊருக்கும் நடுவுல இதை மூடிடுவாங்க. அவ்வளவு கனமான கதவை ஒரே ஊருக்குள்ள போட்டிருக்காங்கன்னா ரெண்டு பக்கமும் எப்படி இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கோங்க.

அந்த வாசலைத் தாண்டினா டென்மார்க் ராஜா தோட்டம்னு ஒண்ணு. 1219ல டென்மார்க் ராஜா இரண்டாம் வால்டெமார் இந்த ஊரைப் பிடிச்சார், டேனியர் கோட்டைங்கற அர்த்தத்துலதான் தாலின்னு பேரே வந்ததுன்னு பொதுவா சொல்லுவாங்க. அவங்க கொடி வானத்துல இருந்து இங்க விழுந்ததுன்னு ஒரு கதை உண்டு. நமக்கு இதுல ஒரு சின்ன ஒட்டுறவு இருக்கு, அதே டேனியர்கள்தான் 1620ல தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டினாங்க. தரங்கம்பாடி கோட்டை வாசல்ல நின்ன ஞாபகத்தோட அந்தத் தோட்டத்துல நின்னப்போ எனக்கு ரொம்ப நேரம் நகரத் தோணல.

எல்லாக் கதவும் அழகுதானா?

இல்ல. பிக் 59க்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. சோவியத் காலத்துல அவங்க ரகசிய போலீஸ் கேஜிபியோட தலைமையகம் அங்கதான். நடைபாதையை ஒட்டி இருக்கற பாதாள ஜன்னல்களை அடைச்சுட்டாங்க, உள்ள விசாரணையில எழற சத்தம் தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. பக்கத்துலயே பகாரி தெருப் பக்கம் அந்தச் சிறை அறைகளை இப்போ மியூசியமா வச்சிருக்காங்க. கலர் கதவு தொகுப்புல இதைச் சேர்க்கணுமான்னு என்கிட்ட கேட்டிருக்காங்க. நான் சேர்த்திருக்கேன். அந்தக் கதவு வழியா உள்ள போனவங்களும் இதே தெருவுல இருந்த ஆளுங்கதான். அதே மாதிரி ஹார்யு தெரு, 1944 மார்ச் 9ஆம் தேதி ராத்திரி சோவியத் விமானங்க போட்ட குண்டுல வரிசையா இருந்த வீடுகளே போயிடுச்சு. அங்க எடுக்கறதுக்குக் கதவு இல்ல.

எந்த மாசம் போலாம், எந்த நேரம்?

ஜூன்ல பதினெட்டு மணி நேரத்துக்கு மேல வெளிச்சம், ராத்திரி பத்தரைக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பர்ல ஆறு மணி நேரம்தான், மூணரைக்கே இருட்டிடும். கதவுக்கு மட்டும்னு கேட்டா நான் சொல்றது மே இல்ல செப்டம்பர், வெளிச்சமும் உண்டு, கூட்டமும் குறைவு. கோடையில கப்பல்ல வர்ற கூட்டம் பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் தெருவை அடைச்சுக்கும், அதனால காலையில ஏழு மணிக்குள்ள போயிடுங்க.

வெயில் அடிச்சாத்தான் படம் நல்லா வரும்னு நினைக்காதீங்க. ஒடுங்கின தெரு, ஒரு பக்கம் சுள்ளுன்னு வெயில் இன்னொரு பக்கம் கருப்பு நிழல்னு கதவைப் பாதியா வெட்டிடும். மேகம் மூடின நாள்தான் நிறத்துக்கு நல்லது, பச்சை பச்சையாவே இருக்கும். மழை பெஞ்சு ஓஞ்ச உடனே இன்னும் நல்லது, தரைக் கல்லு ஈரத்துல கதவோட நிறம் கீழ விழும். செதுக்கல் தெரியணும்னா மட்டும் வெயிலுக்குக் காத்திருங்க: கிரேட் கில்ட் பக்கத்து வரிசை கிழக்கைப் பார்த்தது, அதுக்குக் காலை. கருந்தலையர் வீட்டு வரிசை மேற்கைப் பார்த்தது, அதுக்குப் பிற்பகல்.

போன் போதுமா, கேமரா வேணுமா?

போன் தாராளமாப் போதும். ஆனா அகலமா எடுக்கற லென்ஸைத் தொடாதீங்க, நிலை ரெண்டு பக்கமும் சாஞ்சு கோணலாயிடும். எதிர்ச் சுவர்ல முதுகு படற வரைக்கும் பின்னாடி போய், சாதாரண லென்ஸ்லயே, போனை நெஞ்சு உயரத்துக்கு நேராப் பிடிச்சு எடுங்க. கட்டக் கோடு ஆன் பண்ணிட்டு நிலையோட கோட்டை அதோட ஒட்ட வைங்க, கீழ வாசப்படி வரணும், மேல வளைவு வரணும். அடர் நிறக் கதவை எடுக்கும்போது போன் தானா வெளிச்சத்தைக் கூட்டிடும், அடர் பச்சை வெளிறிப் போகும். கதவு மேல தட்டிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக்கோங்க.

முழுக் கதவு ஒண்ணு எடுத்தா, கிட்டப் போய் ஒண்ணு எடுங்க. கீல், தாழ்ப்பாள், குமிழ், பெரிய கதவுக்குள்ள இருக்கற திட்டிவாசல், இப்படி ஏதாவது.

வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?

தெருவுல நின்னு கதவை எடுக்கறதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. ஆனா நிறைய கதவுக்குப் பின்னாடி இன்னைக்கும் ஆள் குடியிருக்காங்க. படியில உட்காரக் கூடாது, கைப்பிடியைத் திருகிப் பார்க்கக் கூடாது, ஜன்னலுக்குள்ள கேமராவைத் திருப்பவே கூடாது. யாராவது வெளிய வந்தா கேமராவை இறக்கிட்டு "தெரே"ன்னு ஒரு வணக்கம் சொல்லுங்க, நன்றிக்கு "ஐதா". அங்க ஆளுங்க அதிகம் பேச மாட்டாங்க, அது கோபம் இல்ல, அவங்க சுபாவம் அது.

ஒரு தடவை ஒரு காவிக் கலர் கதவை எடுத்துக்கிட்டு இருக்கும்போது வயசான அம்மா ஒருத்தர் காய்கறிப் பையோட வந்து நின்னாங்க, நான் முடிக்கற வரைக்கும் காத்திருந்திருக்காங்க, எனக்குத் தெரியாது. பதறிப் போய் ஒதுங்கினேன். அவங்க திட்டல, கதவோட அடிப் பலகையைக் காலால காமிச்சு, "இது மட்டும் புதுசு"ன்னு இங்கிலீஷ்ல சொன்னாங்க. குளிர் காலத்துல பனி குவியும், அதைக் கரைக்க உப்பு போடுவாங்க, ரெண்டும் சேர்ந்து அடிப் பலகையைத் தின்னுடும், அதனால அதை மட்டும் மாத்திக்கிட்டே இருக்கணுமாம். குனிஞ்சு பார்த்தேன், மேல இருக்கற பலகையில உளித் தடம் கையால தடவினா தெரியும், கீழ இருக்கறது வழவழன்னு மெஷின்ல இழைச்சது. அன்னையில இருந்து எந்தக் கதவைப் பார்த்தாலும் என் கண்ணு முதல்ல கீழதான் போகுது.

விசா, செலவு, செருப்பு?

ஷெங்கன் விசா, 180 நாள்ல 90 நாள் இருக்கலாம். 2011ல இருந்து யூரோதான். சென்னையில இருந்து நேரடி ஃப்ளைட் கிடையாது, ஹெல்சிங்கி வரைக்கும் போயிட்டா அங்க இருந்து கப்பல்ல ரெண்டு மணி நேரம் சொச்சம். தெருக்கள்ல நடக்க ஒரு பைசா செலவு இல்ல. ஷூ மட்டும் அடி தடிமனா இருக்கட்டும், உருண்டைக் கல் பாவின தெரு, மெல்லிசான ஷூன்னா மத்தியானத்துக்குள்ள பாதம் எரியும், மழையில வழுக்கவும் செய்யும். கால் வலிச்சா பிக் 16ல மயாஸ்மொக்னு ஒரு காபிக் கடை, 1864ல இருந்து அங்கேயே இருக்கு, ஜன்னலோரம் இடம் கிடைச்சா எதிர்ல கில்ட் ஹால் பக்கம் பார்த்துக்கிட்டே உட்காரலாம்.

எடுத்த படங்களை எப்படி வச்சிருக்கீங்க?

கலர் வாரியா அடுக்கினா பார்க்க நல்லாத்தான் இருக்கும், நானும் முதல்ல அப்படித்தான் வச்சிருந்தேன், ஆனா ரெண்டு மாசத்துல எது எந்த வீடுன்னே மறந்து போச்சு. இப்போ ஒவ்வொரு கதவுக்கும் முன்னாடி தெருப் பேர் பலகையையோ வீட்டு நம்பரையோ ஒரு படம் எடுத்துடறேன், வருஷத்தோட ஃபோல்டர்ல தெரு வாரியா போட்டு வைக்கறேன். ஒரே கதவை அடுத்த வருஷம் அதே இடத்துல நின்னு எடுத்தா என்ன மாறிச்சுன்னு தெரியும். அந்தக் காவிக் கதவு என்கிட்ட மூணு குளிர்காலத்துக்கு இருக்கு. மூணாவது படத்துல அந்த அடிப் பலகையோட இடது ஓரம் மறுபடி கொஞ்சம் கறுக்க ஆரம்பிச்சிருக்கு.